நுவரெலியாக் கல்லறையும் 1,400 யானைகளும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நுவரெலியாவில் வெள்ளைக்கார அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் கல்லறையைப் பார்த்தேன். கல் வெடித்துக் கிடக்கிறது. "1,400 யானையைக் கொன்ற பாவம், செத்த பிறகும் இடி விடவில்லை" என்றார் கூட வந்த நண்பர். ஆனால் யானைகள் அன்று பயிரை அழித்தன, அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. நம் அரசர்களும் வேட்டையாடியவர்கள்தானே? வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லலாமா?

ஒரு வாசகர், வவுனியா

அன்புள்ள நண்பருக்கு,

ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கித்தான் இறந்தார். அதைத் தண்டனை என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்ததுபோல் ஆகிவிடும். அதனால் இடியை விட்டுவிடுவோம்.

சன்மானம் உண்மை. 1848க்கு முந்திய மூன்றே ஆண்டுகளுக்குள், நீங்கள் இருக்கும் வட மாகாணத்தில் 3,500 யானைகள் அழிந்ததாகக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். தலைக்குச் சில சில்லிங். விளைந்த வயலை இழந்த ஏழை அந்தக் காசுக்காகத் துவக்கைத் தூக்கினால் எனக்குப் புரிகிறது. ரோஜர்ஸ் பதுளையில் சம்பளம் வாங்கிய அதிகாரி. அவரைப் போன்றவர்கள் காட்டுக்குள் கூடாரமடித்து, தடம் பார்க்க ஆள் வைத்து, யானை இருக்கும் இடம் தேடிப் போனார்கள். இலங்கை யானைகளில் கொம்புள்ளவை மிகக் குறைவு, ஆகவே தந்தத்துக்காக என்றும் சொல்ல முடியாது. வாலை அறுத்து எடுத்துக்கொண்டு உடலை அங்கேயே அழுக விட்டார்கள். எத்தனை என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். பயிருக்குக் காவல் இருக்கிறவன் எதற்கு ஐயா எண்ணிக்கை வைக்கிறான்?

அப்புறம் அந்தப் பயிர். 1830களிலிருந்து மலைநாட்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். யானை நடந்த வழியெல்லாம் தோட்டமானது. அதன்பின் அதே யானைக்கு 'அழிவுக்காரன்' என்று பெயர்.

அரசர்களைக் கேட்டீர்கள். கண்டி அரசில் யானை அரசனின் சொத்து, அனுமதியில்லாமல் கொல்வது பெருங்குற்றம். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுத்தார்கள். வன்னியில் பிடித்தவற்றை ஒல்லாந்தர் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப்போய் இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். காட்டு யானையைக் கட்டி இழுத்ததும் கொடுமைதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் விற்கிறவனுக்கு யானை உயிரோடு வேண்டும், அடுத்த வருடமும் காட்டில் இருக்க வேண்டும். விடுமுறைக்குச் சுட வந்தவருக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

இடி விஷயத்தில் உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. பாவம் என்று அவர் சொன்ன சொல் மட்டும் சரியான சொல்.