மகனின் வேத வகுப்பும் மறு ஞானஸ்நானமும்

பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்: கோலாலம்பூரில் படிக்கும் என் மகன் சனிக்கிழமைதோறும் ஒரு வேத வகுப்புக்குப் போகிறான். மனிதன் முழுக்கக் கெட்டுப்போனவன் என்பதை மெதடிஸ்டுகள் நம்புவதில்லை, நமக்குச் சுவிசேஷமே தெரியாது என்கிறான். மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம், அடுத்த வகுப்புக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கட்டணமாம். நாங்கள் சபை மாற வேண்டுமா?

வேண்டாம், சகோதரி. மெதடிஸ்ட் சபையின் 25 விசுவாசக் கோட்பாடுகளில் 7-ஐயும் 8-ஐயும் மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். மனிதன் பிறவியிலேயே தீமைப் பக்கம் சாய்ந்தவன், சொந்த பலத்தால் தேவனிடம் திரும்ப முடியாதவன் என்றுதான் அங்கே இருக்கிறது. பிறவிப் பாவத்தை மறுத்த ஜான் டெய்லர் என்பவருக்குப் பதிலாக, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1757-இல் ஒரு புத்தகமே போட்டார். கிருபை பற்றி வெஸ்லி பின்பற்றிய வழி, அர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளருடையது. அவர் இறந்த மறு வருடம், 1610-இல், அவருடைய ஆட்கள் கொடுத்த ஐந்து கோட்பாடுகளில் மூன்றாவதும் இதையே சொல்கிறது.

சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழியினருக்கும் வெஸ்லி வழியினருக்கும் சண்டை அதற்கு அப்புறம்தான். உங்கள் மகனின் வகுப்பு பேசுவது கால்வின் பக்கப் பேச்சு. தேவன் தாம் தெரிந்துகொண்டவர்களுக்கு முதலில் புது ஜீவன் கொடுக்கிறார், அதனால் அவர்கள் விசுவாசிக்கிறார்கள், அந்தக் கிருபையைக் கடைசிவரை எதிர்த்து நிற்க முடியாது என்பது கால்வின் பக்கம். கிருபை எல்லாரையும் முந்திவந்து தொடுகிறது, ஏற்கவும் செய்யலாம், உதறவும் செய்யலாம் என்பது வெஸ்லி பக்கம். நானூறு வருடமாக இழுக்கும் வழக்கு இது. சனிக்கிழமை வகுப்பில் தீர்ந்துவிடாது.

வகுப்பு நடத்துபவரிடம் ஒன்று கேட்டுவரச் சொல்லுங்கள்: "கிருபை இல்லாமலே மனிதன் தேவனிடம் வரலாம் என்று அர்மீனியஸ் சொன்னாரா?" ஆமாம் என்றால், அவருக்கு அர்மீனியஸையும் பெலேஜியஸையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மனிதன் சொந்த பலத்தாலேயே நல்வழிக்கு வரலாம் என்ற பெலேஜியஸின் போதனையைச் சபை 418-இலேயே தள்ளிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் வரிசை எனக்குப் பழக்கம். உங்கள் சபை செத்த சபை என்பார்கள், அப்புறம் கட்டணம், அப்புறம் ஞானஸ்நானம், அப்புறம் தசமபாகம். மனிதன் முழுக்கக் கெட்டவன் என்றால் வகுப்பு நடத்துபவரும் அதில் சேர்த்திதானே? கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கால்வின் பெயரால் மறு ஞானஸ்நானம் கேட்பதுதான் வேடிக்கை. குழந்தை ஞானஸ்நானத்துக்காக வரிந்துகட்டி எழுதியவர் அவர். ஒரு விதிவிலக்கு உண்டு. 1689-ஆம் வருட லண்டன் விசுவாச அறிக்கையை ஏற்கும் பாப்டிஸ்டுகள், பாவத்திலும் கிருபையிலும் கால்வின் வழி, ஞானஸ்நானத்தில் மட்டும் தனி வழி. விசுவாசித்த பிறகு மூழ்கி எடுப்பதைத்தான் ஞானஸ்நானமாகக் கணக்கில் வைப்பார்கள். அந்தக் குழு அப்படிப்பட்டதென்றால் கேட்பதில் நேர்மை இருக்கிறது. ஆனால் அதைப் பாப்டிஸ்ட் கொள்கை என்று சொல்லிக் கேட்க வேண்டும். மனிதனின் சீர்கேட்டைக் காரணம் காட்டிக் கேட்கக்கூடாது.

நம் ஆட்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினர் ஆக்கும் திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப்பிரமாணத்தை ஒப்பிக்கவைத்து, படம் எடுத்து, கேக் வெட்டி அனுப்பிவிடுகிறோம். பையன் கேள்வி கேட்கும் வயதுக்கு வரும்போது பதில் சொல்ல ஆளில்லை. ஆண்டு விழா சாப்பாட்டுக்கு மட்டும் மூன்று கூட்டம்!

பையனைத் திட்டாதீர்கள், வகுப்புக்குப் போவதையும் தடுக்காதீர்கள். 300 வெள்ளியை மட்டும் இப்போது கட்ட வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழை யாராவது கேட்டால் நகல் போதும், அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.