விரிசல் எந்த இடத்தில் பிறந்தது?

காரின் முன்கண்ணாடி உடைந்ததும் எல்லோரும் விரிசலின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். அது தொடங்கிய இடத்தைப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்து முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைக்காதீர்கள்.

திருமயம் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் வந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அப்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெயிலில் ஏசி போட்டதும் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. காரணம் கல்லா, ஏசியா?
– தேவகோட்டை வாசகர்

தொடங்கியது கல், ஓடவிட்டது ஏசி. வெளிப்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பால்பாயிண்ட் பேனா முனையை விரிசல் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் முனை தடுக்கும். அங்கே எள்ளளவு பள்ளமும், அதைச் சுற்றி வட்டமாகவோ நட்சத்திரமாகவோ நுண்கீறல்களும் தெரிந்தால் கல்தான்.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. சிறு கல் வெளித்தகட்டை மட்டும் குத்தும். வெளியே வெயிலில் அந்தத் தகடு விரிய, உள்ளே குளிர்காற்று பட்டு மற்றது சுருங்க, அந்த இழுவிசை முழுவதும் பள்ளத்தில் வந்து குவிகிறது. அதனால்தான் ஒரு நாள் கழித்து ஓடியது.

லாரி கல்லை எறிந்தது என்று சொல்கிறோம். பின்புற இரட்டை டயர்களின் இடுக்கில் சிக்கும் ஜல்லி தெறித்து எழும்பும். அதன் மீது நம் வண்டிதான் வேகமாகப் போய் மோதுகிறது. 40 கிலோமீட்டரில் படும் அடியைவிட 80-இல் படும் அடி நான்கு மடங்கு. லாரி ஒரு புளியமரத்தைக் கடந்ததும் மூன்று விநாடி எண்ணுங்கள்; அதற்குப் பிறகே நீங்கள் அந்த மரத்தைக் கடக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 67 மீட்டர் இடைவெளி.

கல் படவில்லை, சத்தமும் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கீழ் மூலையிலிருந்து விரிசல் மேலேறியது. கண்ணாடி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.
– ஆத்தங்குடி வாசகர்

உங்கள் ஊரில் டைல்ஸ் வார்ப்பதே கண்ணாடித் தகட்டின் மேல்தானே. கண்ணாடிக்குப் பலவீனம் ஓரத்தில் என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேனா முனை எங்கும் தடுக்காமல், ஓரத்திலிருந்து கிளம்பி வளைந்து போகும் விரிசல் என்றால் அது இறுக்கத்தால் வந்தது. பொருத்தும்போது ஓரம் சிதைந்திருக்கலாம், கண்ணாடி பொருந்தும் சட்டம் வளைந்திருக்கலாம், பழைய துரு மேலேயே பசை போட்டிருக்கலாம். வண்டி முறுகும்போதெல்லாம் அந்த இடம் நெருக்கப்படுகிறது.

கண்ணாடியைக் கழற்றியதும் சட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகே புதியதை ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதுவும் இதே மூலையில் விரிசல் விடும். பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதனால் பசை காய்வதற்குள் வண்டியை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

பொழுது சாயும் நேரம். தடாலென்று சத்தம், கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை, மடியில் கண்ணாடித்தூள். யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்கிறார் ஓட்டுநர்.
– பள்ளத்தூர் வாசகர்

உள்ளே தூள் விழுந்திருந்தால் உள்தகடும் உடைந்திருக்கிறது. எனவே மோதியது கனமான ஒன்று என்பதுவரை உறுதி. கல் என்றால் பட்ட இடம் வெள்ளையாக நொறுங்கியிருக்கும். பறவை என்றால் அகலமாக உள்வாங்கியிருக்கும். வைப்பர் இடுக்கிலோ பானெட் விளிம்பிலோ இறகு, எண்ணெய் போன்ற கறை, ரத்தம் ஏதாவது ஒட்டியிருக்கும். நம் பக்கம் அந்தி நேரத்தில் மயில்கள் சாலையைத் தாழப் பறந்து கடப்பது வழக்கம்தான். அடிபட்ட மயிலைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முதலில் உள்ளும் புறமும் படம் எடுங்கள். கல்லெறிந்த தடயம் இருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இறகு கிடக்கும்போது சாலையோரம் நின்ற பிள்ளைகளைப் பிடித்து விசாரிப்பது பெரிய அநியாயம்.

உச்சிவெயிலில் நின்ற காரில் குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்ணாடி உடையுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பழுதில்லாத கண்ணாடி பெரும்பாலும் தாங்கும். ஏற்கெனவே பள்ளம் விழுந்தது தாங்காது. நிழலில் ஆறவிட்டுக் கழுவுங்கள்.

சிறு பள்ளத்துக்கே கண்ணாடியை மாற்ற வேண்டுமா? காப்பீடு கிடைக்குமா?
– காரைக்குடி வாசகர்

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓரத்தை ஒட்டாமலும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லாமலும் இருந்தால் ரெசின் என்னும் பிசினை நிரப்பிப் புற ஊதா விளக்கில் இறுக்கிவிடலாம். தழும்பு லேசாகத் தெரியும், விரிசல் ஓடாது. பட்டறைக்குப் போகும்வரை தூசியும் நீரும் புகாதபடி அதன்மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டிவையுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கும் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் பங்கு. கோரிக்கை வைத்தால், அப்படி வைக்காதவர்களுக்குக் கிடைக்கும் 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடியும் போய்விடும்; அந்தத் தள்ளுபடிக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் மட்டும் தப்பும். எனவே ரெசின் நிரப்பும் செலவைக் கைக்காசிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் காப்பீட்டை நாடுங்கள்.