ஊறு

கேள்வி: பன்றிக்கறியை எலுமிச்சைச் சாறும் மசாலாவும் தடவி இரவு முழுக்க ஊற வைத்துச் சுடுகிறேன். உள்ளே சுவை இறங்குவதில்லை, காய்ந்தும் போகிறது. இன்னும் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?

பதில்: 'மேரினேட்' என்று எழுதாமல் 'ஊற' என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. 'ஊறு' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பழந்தமிழில் தொடுவுணர்வு என்று ஒரு பொருள், தீங்கு என்று இன்னொரு பொருள். உங்கள் சிக்கலில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

மசாலாவும் பூண்டும் கறியைத் தொட மட்டுமே செய்யும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் சில மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆழத்துக்குப் போவது உப்புதான். புளிப்போ, இரவெல்லாம் இருந்தால் மேற்பரப்பை மாவு போலக் குழைத்துவிடும். பப்பாளிக்காயும் அன்னாசியும் இன்னும் வேகம். அவற்றின் நொதிகள் புரதத்தையே அறுக்கும். தீங்கு என்ற ஊறு இதுதான். ஆகவே உப்பை மட்டும் காலையிலேயே தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சையும் மசாலாவும் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

சரி, காய்ந்து போவது? அதற்கு ஊறலைவிட, அளவுக்கு மீறிய சூடுதான் முக்கியக் காரணம். 'முதலில் சுள்ளென்று சுட்டால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட நம்பிக்கை அது. தவறு என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதி, கண்டனக் கடிதங்களும் வாங்கியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: 'சுர்' என்று கேட்கிறதே, அது சாறு வெளியேறி ஆவியாகும் சத்தம். சுள்ளென்ற சூடு நிறத்துக்கும் மணத்துக்கும்தான். அதற்கும் கறியின் மேல் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் போகும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சுடுங்கள்.

பன்றி என்றால் கட்டையாகும்வரை வேக வேண்டும் என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. நாடாப்புழுவும் டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழுவும் நிஜம். ஆனால் அமெரிக்க வேளாண் துறையே 2011இல் முழுத்துண்டுக்கான அளவை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63ஆகக் குறைத்துவிட்டது. கொத்துக்கறிக்கு இன்றும் 71தான். கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஊகம் வேண்டாம். துண்டின் நடுவில் 63 வந்ததும் இறக்கி, 3 நிமிடம் தொடாமல் வையுங்கள். அந்த ஆறுதலையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அப்புறம் வெட்டலாம்.