"மனித உரிமைகளை மதிக்கிறோம்" என்று உற்பத்தி நிறுவனங்கள் கொள்கை வெளியிடுகிறார்களே, தொழிற்சாலைக்குள் அதற்கு என்ன பொருள்? உண்மையில் மதிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரண்டு வருடம் அம்மாவோடு அண்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனேன். முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிறகு பி.காம்., அதற்கு மேல் தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோ. இப்போது பதினோரு வருடமாக ஒரு மீன்வலை கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். கொள்கை எழுதுகிற மேஜையும் தெரியும், அந்தக் கொள்கை போய்ச் சேர வேண்டிய தரையும் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஒரு உரிமையைப் பயன்படுத்துகிற தொழிலாளிக்கு அன்றைய கூலி குறைகிறது என்றால், அந்த உரிமை அந்த ஆலையில் இல்லை. கொள்கையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இதை நான் கற்றது தண்ணீரில். வேலைக்குப் போன முதல் நாளே அம்மா சொன்னாள்: "மக்ளே, தண்ணி கொஞ்சமா குடி. எழும்பிப் போனா கால் கிலோ போச்சு, பாத்துக்க." சூட்டறையில் காய்ந்து வரும் பருப்பின் சிவந்த தொலியைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பது எங்கள் வேலை. கூலி கிலோ கணக்கு. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு அதைவிடக் குறைவு. கழிப்பறை பின்கோடியில், கொட்டைத்தோடு குவித்துப் போட்டிருக்கும் இடத்தையும் தாண்டி. போய்வரக் கால் மணி நேரம் ஆகும். மத்தியானம் வரை எங்கள் வரிசையில் ஒருத்தியும் எழும்ப மாட்டாள். நீர்க்கடுப்பு வராத பெண் அந்த வரிசையில் கிடையாது.

அதே ஆலையில் ஆய்வுக்கு வந்தவர் தாளில் "கழிப்பறை உண்டு" என்று டிக் போட்டுவிட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் இல்லை. 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று விதி சொல்லும் எண்ணிக்கையும் அங்கே சரியாகத்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தினால் எவ்வளவு கூலி போகும் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

கையுறைக்கும் இதே கதி. அம்மா தொலி உரிக்க வருவதற்கு முன்னால் பல வருடம் தல்லல் பிரிவில் இருந்தாள். வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்கிற வேலை. முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் அமிலத்தன்மை உள்ளது, பட்ட இடத்தில் தோல் பொள்ளும், கறுத்து உரியும். எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உடைப்பார்கள். இன்றைக்கும் ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை முதல் தடவையில் விழுவதில்லை. வெளிநாட்டு வாங்குநரின் ஆள் வரும் நாளில் மட்டும் காலையில் கையுறை கொடுப்பார்கள், சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், மற்ற நாளில் கொடுத்திருந்தாலும் நாங்கள் போட்டிருக்க மாட்டோம். கையுறை போட்டால் வேகம் குறையும், கிலோ குறையும். "தொழிலாளிகளுக்கே விழிப்புணர்வு இல்லை" என்று மேலாளர்கள் சொல்வதைப் பிற்பாடு கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வலிக்கும். எங்களுக்கு விழிப்புணர்வு நிறையவே இருந்தது. கையா கூலியா என்று கேட்டால் கூலி என்று சொல்கிற நிலைமையில் இருந்தோம்.

இனி "மதித்தல்" என்ற சொல்லுக்கு வருகிறேன். 2011 ஜூன் 16 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவை தொழிலும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஒருமனதாக ஏற்றது. மொத்தம் 31 நெறிகள். ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் ரக்கியின் தலைமையில் உருவானவை. காக்கும் கடமை அரசுக்கு, மதிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க இருவரும் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. மதிப்பது என்றால், தன் தொழிலால் யாருடைய உரிமையும் கெடாமல் பார்த்துக்கொள்வது, கெட்டிருந்தால் சரிசெய்வது. இதில் நம்மூருக்கு மிகவும் வேண்டிய ஒரு விளக்கம் உண்டு: ஓரிடத்தில் செய்த நல்ல காரியம் இன்னோரிடத்தில் உரிமையைக் கெடுத்ததற்கு ஈடாகாது. கோவில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் பந்தல் போட்டுக் கொடுக்கிற, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிற முதலாளிகள் எங்கள் பக்கம் நிறைய. அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது தர்மக் கணக்கு. கூலிக் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

இந்தியாவிலும் 2019-ல் பொறுப்பான தொழில் நடத்தைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் வந்தன. அதிலுள்ள ஒன்பது கொள்கைகளில் ஐந்தாவது மனித உரிமை பற்றியது. பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதையொட்டி ஆண்டறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி கட்டாயமாக்கியது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் அழகான அறிக்கைகள் பல இதனால் வந்தவை. குமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். அவர்களை இந்த விதி தொடாது. வாங்குகிற பெரிய நிறுவனம் கேட்டால்தான் உண்டு.

கூலிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் எடை போடும்போது 100 கிராமுக்குக் கீழே வருவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தட்டு 7 கிலோ 80 கிராம் காட்டினால் சீட்டில் 7 கிலோ. சின்ன விஷயம் என்று தோன்றும். நாங்கள் எழுபது பேர். ஆளுக்குச் சராசரி 50 கிராம் என்று வைத்தாலும், தினமும் மூன்றரைக் கிலோ பருப்பைச் சும்மா உரித்துக் கொடுத்திருக்கிறோம்.

கூலியில்லா வேலைக்கு இந்த மண்ணில் ஒரு பழைய பெயர் உண்டு: ஊழியம். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இங்குள்ள ஒடுக்கப்பட்ட சாதி மக்களிடம் காசு கொடுக்காமல் வாங்கிய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் சமூக சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எதிர்த்து நின்றது அதைத்தான். அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு இத்தகைய கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் 23-வது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பு எழுதினார். படிப்பில் இந்தத் தீர்ப்பை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்றரைக் கிலோதான் கண்ணில் நின்றது.

கிலோ கணக்கில் கூலி கொடுப்பது தவறில்லை. அரசு நாள் கூலி மட்டும் நிர்ணயித்திருக்கும் வேலையில், கிலோ கணக்கில் வேலை செய்பவருக்கும் அந்த நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்று 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொன்னது. கிலோ விலையை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கைவேகம் அதிகமுள்ள ஒருத்தியை உட்காரவைத்து, அவள் எட்டு மணி நேரத்தில் செய்வதை அளவாக வைத்தால் மற்ற அறுபத்தொன்பது பேரும் தோற்பார்கள். நடுத்தர வேகமுள்ள ஒரு பெண், கையுறை போட்டு, இரண்டு மூன்று தடவை எழும்பி, சாயா குடித்து, மத்தியானம் சாப்பிட்டு, எட்டு மணி நேரத்தில் எத்தனை கிலோ செய்வாள்? அந்தக் கிலோவுக்குக் குறைந்தபட்சக் கூலியாவது வரும்படி விலை வைக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் நேரம் விலைக்குள்ளேயே இருந்தால் யாரும் தண்ணீரை ஒதுக்கி வைக்க மாட்டார்கள். எங்கள் வலை கம்பெனியில் பழுது பார்த்து முடிக்கும் பிரிவுக்கு இப்படித்தான் மறுபடி கணக்குப் போட்டோம். முதலாளியைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆயிற்று. உற்பத்தி விழுந்துவிடும் என்று பயந்தார். விழவில்லை. லீவு எடுப்பது குறைந்தது.

அடுத்தது புகார். மேலாளர் அறை வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தோம், இரண்டு வருடம் காலியாகவே இருந்தது. "எங்கள் கம்பெனியில் புகாரே இல்லை" என்று அறிக்கையிலும் எழுதினோம். அந்த வரியை எழுதியவள் நான்தான், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டு, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி குழுவில் இருந்த வெளியாள் ஒருவரை, ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையை, மாதம் ஒருநாள் சாப்பாட்டு அறையில் வந்து இருக்கச் சொன்னோம். முதல் மாதம் வந்த ஒரே புகார், ஒரு கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது. அன்றைக்கே போட்டோம். மூன்றாவது மாதம்தான் ஒரு சூப்பர்வைசரைப் பற்றிப் பேச ஒரு பிள்ளை வந்தாள். மூன்று மாதமும் அவள் எங்களைப் பரீட்சை பார்த்திருக்கிறாள் என்று பிறகு புரிந்தது. தாழ்ப்பாளை அலட்சியப்படுத்தியிருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள்.

வடநாட்டுத் தொழிலாளர்கள் வந்த பிறகு இன்னொன்றும் கற்றேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு வங்கிக் கணக்கு தொடங்க ஆதார் கேட்டேன். "கான்ட்ராக்டர் அண்ணனிடம் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறார்" என்றான். பன்னிரண்டு பேருடைய அட்டையும் அவரிடம்தான். யாரும் அவர்களை அடைத்து வைக்கவில்லை, ஆனால் அட்டை இல்லாமல் எங்கே போவார்கள்? அன்று சாயங்காலமே எல்லாம் திரும்ப வந்தன. ஆள் பிடித்துத் தந்ததற்கு அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கித்தர இன்னும் நாலு மாதம் ஆனது.

கேட்டுக்கு வெளியே நடப்பதும் கம்பெனியின் பொறுப்பில் வரும். ஆர்டர் நெருக்கினால் பருப்பை வீடுகளுக்குக் கொடுத்து உரிக்க வைப்பார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் கூட உட்காரும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத்துக்கு உதவி செய்யலாம் என்ற விதிவிலக்கும் வைத்தார்கள். வீட்டுக்குள் நடப்பதை யார் எண்ணப்போகிறார்கள்? பத்து நாளில் முடிகிற சரக்கை ஐந்து நாளில் கேட்டு, விலையையும் அடித்துப் பேசுகிற வாங்குநருக்கும் இதில் பங்குண்டு.

நீங்கள் வேலை தேடுகிறவராகவோ சரக்கு வாங்குகிறவராகவோ இருந்தால், கொள்கையை வாசித்த பிறகு ஒரு சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேலை நாள், கிலோ, விலை, பிடித்தம் எல்லாம் தொழிலாளி வாசிக்கிற மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். நாள் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பங்களிப்பு இருந்தால்தான் நோயில் கிடக்கும்போது உதவித்தொகை வரும். வருடத்தில் 240 நாள் வேலை இருந்தால் அந்த வருடம் பணிக்கொடைக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு, கேள்வியில்லாமல் சேரும். வந்த நாளைக் குறைத்து எழுதினால் இரண்டும் போய்விடும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் நல்ல விஷயம். அதையும் கேளுங்கள்.

நாள் கணக்கை இவ்வளவு அழுத்திச் சொல்ல அம்மாதான் காரணம். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். நடுவில் ஆலையை மூடி, வேறு பெயரில், அதே கட்டடத்தில், அதே பெண்களை வைத்துத் திறந்தார்கள். அம்மா வேலையை விட்டு நின்றபோது, "உங்களுக்கு இங்கே நாலு வருடம்தான் சர்வீஸ்" என்றார்கள். ஐந்து வருடம் ஆகாததால் பணிக்கொடை இல்லையாம். அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எடைச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தாள், ஆயிரக்கணக்கில். நானும் தம்பியும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினோம். பல சீட்டில் தேதி இருந்தது, கம்பெனி பெயர் இல்லை. பெயர் இருந்த சிலவற்றில் தேதி இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒன்றரை வருடம் நடந்து, கடைசியில் தொடர்ச்சியான சர்வீஸ் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பத்தொன்பது வருடத்துக்கும் கிடைத்தது.

இப்போது எங்கள் கம்பெனிச் சீட்டில் கம்பெனி பெயர், தேதி, வந்த நாள், கிராம் வரை எடை எல்லாம் தமிழிலும் ஒடியாவிலும் அச்சாகிறது. முதல் மாதச் சீட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு வரியாக வைத்து வாசித்தாள். "கிராமும் போட்டிருக்கே" என்றாள்.