காஸ்டிக் சோடாவும் வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரிதானே? வீட்டில் சோப்பு செய்யப் பயப்பட வேண்டுமா?

இரண்டும் பங்காளிகள்தான், இரண்டுமே வலுவான காரம். ஆனால் சுண்ணாம்பு தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டரில் இரண்டு கிராம்கூடக் கரையாமல் மீதி அடியில் தங்கிவிடும். அதனால்தான் குன்யா (பர்மிய வெற்றிலைப் பீடா) கடைக்காரர் சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவிவிட்டாலும் நாக்கு வெந்துபோவதோடு விட்டுவிடுகிறது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதே ஒரு லிட்டரில் ஒரு கிலோ வரை கரையும். போட்டது அத்தனையும் வேலை செய்யும்.

நான் யங்கோனில் வீட்டுத் தேவைக்கு மட்டும் தேங்காயெண்ணெய் சோப்பு செய்கிறவள். மௌலமைனில் பெரியம்மாவிடம் கற்றது. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் வேண்டும். நான் 174 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சலாம், காரம் மிஞ்சக் கூடாது. கைப்பிடி அளவெல்லாம் குழம்புக்குச் சரி, இதற்குத் தராசுதான்.

முதலில் பச்சைத் தண்ணீர், அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். அடுப்பே இல்லாமல் கை வைக்க முடியாத சூடு ஏறும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூடு ஒரே இடத்தில் சேர்ந்து, கொதித்து முகத்தில் தெறிக்கும். கிளம்பும் ஆவியையும் மூக்கில் ஏற்றாதீர்கள். ஜன்னலோரமாக, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டையோடு செய்யுங்கள்.

தனியாகச் செய்த முதல் நாள், கையில் கிடைத்த அலுமினியக் குண்டானை எடுத்துவிட்டேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது, பாத்திரம் உள்ளே கறுத்துப்போனது. வந்த வாயு ஹைட்ரஜன், தீப்பிடிக்கக்கூடியது. நாலடி தள்ளிக் கரியடுப்பு எரிந்துகொண்டிருந்தது! அன்றிலிருந்து எவர்சில்வர்தான்.

எரிச்சலை விட வழவழப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தோலில் பட்டதும் பெரும்பாலும் சோப்புத் தண்ணீர் பட்ட மாதிரி வழுக்கும். உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. எரியவில்லையே என்று இருந்துவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். பட்ட துணியைக் கழற்றி, செதிலாக ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு, குறைந்தது இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வினிகர் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியெல்லாம் திரும்பவும் வெந்துவிடும். குடிதண்ணீர் பாட்டிலில் இந்தக் கரைசலை ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

ஓடும் தண்ணீர் என்றேன், எங்கள் பக்கம் கரண்டு போனால் மோட்டார் ஓடாது. அதனால் டிரம் நிரம்பாமல் காஸ்டிக் டப்பாவைத் திறப்பதில்லை.

அப்புறம், மழைக்காலத்தில் டப்பாவை இறுக்கி மூடுங்கள். ஈரத்தை உறிஞ்சிப் பாகு மாதிரி ஆகிவிடும், காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து சலவைச் சோடாவாகவும் மாறும். அப்படிப்பட்டதைத் தராசில் சரியாக நிறுத்துப் போட்டாலும் சோப்பு இறுகாது.

அச்சில் ஊற்றிய சோப்பை நான்கு வாரம் காற்றாட வைப்பேன். பெரியம்மா நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார், சுருக்கென்றால் காரம் இன்னும் மிச்சம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, காரத்தை நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் வைத்திருக்கிறேன்.