கிளைக்கதையை வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டைவிட்டுப் போன தம்பியை அக்கா தேடுவதுதான் மையக்கதை. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் கிளைக்கதையாக வந்தார். மனைவி பிரிந்துபோனவர், மறுமணம் செய்துகொள்ளலாமா என்று தவிக்கிறார். எழுத எழுத அவர் கதை பாதி நாவலைப் பிடித்துக்கொண்டது. படித்த நண்பர்கள் அவரைத்தான் பாராட்டுகிறார்கள். அவர் பகுதியைக் குறைத்தால் சமநிலை வந்துவிடுமா? இரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்குக் குறைக்க வேண்டாம். பெண் பார்க்கப் போவதற்காகத் தையல்காரர் தனக்கே ஒரு சட்டை தைக்கிறார். காலர் வரை வந்தபின் நள்ளிரவில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கிறார். அருமையான இடம். அவர் ஆசைப்படுகிறார், முடிவெடுக்கிறார், பின்வாங்குகிறார். உங்கள் அக்காவோ போகிறாள், விசாரிக்கிறாள், திரும்பி வருகிறாள். அவளாக எடுத்த முடிவு ஒன்றுகூட இந்த அத்தியாயங்களில் இல்லை. தையல்காரரை வெட்டினால் அந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். கிளைக்கதை மையக்கதைக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். மகாபாரதத்தின் வனபருவத்தில் நளன் கதை பல அத்தியாயங்களுக்கு நீள்கிறது. சூதில் எல்லாவற்றையும் இழந்த தருமன், தன்னைவிடத் துயரப்பட்ட அரசன் உண்டா என்று கேட்கிறான். அதற்குப் பதிலாகத்தான் பிருகதசுவ முனிவர், சூதில் நாடிழந்து காட்டுக்குப் போன நளனின் கதையைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் பகடையின் சூட்சுமத்தையும் தருமனுக்குக் கற்றுத்தருகிறார். பின்னால் விராடனின் அவையில் தருமன் சூதாட்டத் துணைவனாகத்தான் போய்ச் சேர்கிறான். ஆறுதல், வித்தை இரண்டையும் அந்தக் கிளைக்கதை மையத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

நிகழ்ச்சிகளால்தான் இணைக்க வேண்டும் என்றில்லை. டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலின் எட்டுப் பாகங்களில், அதன் இரண்டு மையப் பாத்திரங்களான அன்னாவும் லெவினும் நேரில் சந்திப்பது ஒரே முறை, ஏழாம் பாகத்தில். ஆனால் அன்னாவின் மணவாழ்வு குலைவதையும் லெவினின் மணவாழ்வு உருவாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஒன்றில்லாமல் மற்றது அந்த அளவுக்கு வலிக்காது என்று தோன்றுகிறது. எனக்கு இந்த வகை இணைப்புதான் அதிகம் பிடிக்கும். தையல்காரரின் கடையில் தம்பியின் பழைய சட்டை கிடைத்தது என்றெல்லாம் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

உங்கள் நாவலில் இருவருமே போனவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். ஒருவர் காத்திருப்பதை நிறுத்தப் பார்க்கிறார், இன்னொருத்தியால் முடியவில்லை. அப்படியானால் அவர் சட்டையைப் பிரிப்பதை அக்கா பார்க்கட்டும். மறுநாள் காலை அவள் எடுக்கும் முடிவு வேறாகட்டும். தேடலைக் கைவிடுகிறாளா, தம்பியின் அறையை வாடகைக்கு விடுகிறாளா, எதுவாக இருந்தாலும் சரி, அவளே செய்ய வேண்டும்.

அப்புறம், எங்கே கதை மாற்றுவது என்பது. அக்காவின் அத்தியாயம் அலுக்கும்போதெல்லாம் தையல்காரரிடம் ஓடுகிறீர்கள். அவள் ஒரு கதவைத் தட்டிவிட்டு நிற்கும்போது ஓடுங்கள். வாசகர் அவளை நினைத்துக்கொண்டே அவரைப் படிப்பார்.

முதலில் அந்த மறுநாள் காலையை எழுதுங்கள். எதையாவது வெட்ட வேண்டுமா என்பதை அதன்பிறகு பார்க்கலாம்.

அன்புடன்.