ஏற்காட்டிலிருந்து சேலம் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க என்ன வாங்க வேண்டும்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கு முழுக்க வீட்டு டெஸ்க்டாப்பில், டேலியில் இருக்கிறது. அப்பாவுக்கு முடியாததால் காப்பித் தோட்டத்தைப் பார்க்க வாரத்தில் பாதி நாள் ஏற்காட்டில் தங்குகிறேன். அங்கிருந்தே லேப்டாப்பில் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பில் போட வேண்டும். ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி), விண்டோஸ் புரோ, புது ரவுட்டர் மூன்றும் வாங்கினால் 'போர்ட் ஓப்பன்' பண்ணித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மூன்றும் இல்லாமலே உங்கள் வேலை நடக்கும்.

கடைக்காரர் சொன்னது பழைய வழி. விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதி ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து வருபவரை ஏற்காது, அதற்கு புரோ வேண்டும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். அதனால்தான் ஸ்டேட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதையெல்லாம் கட்டிவிட்டு 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலை, இணையத்துக்குத் திறந்து வைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த எண் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்டு சிக்கினால் டேலி ஃபோல்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2019-ல் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பாஸ்வேர்டே இல்லாமல் நுழையலாம் என்ற நிலை இருந்தது. கைவிட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது.

உங்களுக்குப் போதுமானது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இலவசம், விண்டோஸ் ஹோமிலும் ஓடும். வீட்டுக் கம்ப்யூட்டரே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் ஐபியும் வேண்டாம், போர்ட்டும் வேண்டாம். கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் ஒரே கூகுள் கணக்கு, குறைந்தது 6 இலக்க 'பின்' எண், அவ்வளவுதான். அந்தக் கூகுள் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். இனி வீட்டுச் சாவி அந்தக் கணக்குதான்.

திரையின் படம் மட்டுமே மலைக்கு வந்து போகும், கணக்கு வீட்டிலேயே இருக்கும். பில்லைப் பிரின்ட் கொடுத்தால் காகிதம் சேலத்தில் வந்து விழும். அதனால் பிடிஎஃப் ஆகச் சேமித்து, குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பின் பக்கப் பட்டியில் உள்ள 'டவுன்லோட் ஃபைல்' மூலம் லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மின்சாரம். கரன்ட் போய்த் திரும்பினால் பெரும்பாலான டெஸ்க்டாப்புகள் அணைந்தபடியே கிடக்கும். யாராவது பட்டனை அழுத்தும்வரை ஏற்காட்டில் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மணிக்கணக்கில் வராது. சாதாரண 600 விஏ யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். ஆகவே பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக மாற்றுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் கொஞ்சம் மாறும். கரன்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழும். லாகின் திரையில் நின்றாலும் நீங்கள் உள்ளே போகலாம். விண்டோஸ் பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். யூபிஎஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள். டேலி திறந்திருக்கும்போது பொசுக்கென்று அணைந்தால் டேட்டா கெட வாய்ப்பு உண்டு. ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், ஆனால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துவிட்டு.

மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 யூனிட்.

மலையேறும் முன் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து கழற்றி, மொபைல் டேட்டாவில் இணைத்து உள்ளே போய்ப் பாருங்கள். பிறகு டேலியை மூடி, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, யூபிஎஸ்ஸையும் மெயினையும் அணைத்து, சில நிமிடம் கழித்துப் போடுங்கள். கம்ப்யூட்டரைத் தொடாமல் மறுபடி உள்ளே போக முடிந்தால் கிளம்பலாம். தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாகக் கிடைக்கிறது என்பதைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டு சிம் வாங்குங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர், எனிடெஸ்க் இறக்கி அதில் வரும் எண்ணைச் சொல்லச் சொன்னார். சொல்லலாமா?

பதில்: சொல்லவே கூடாது, அம்மா. எனிடெஸ்க்கும் தூரத்திலிருந்து திரையைத் திறக்கும் செயலிதான். அந்த எண்ணைச் சொல்லி, அடுத்து வரும் அனுமதியையும் கொடுத்துவிட்டால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். ஓடிபி வந்தால் அவரும் படிப்பார். செயலி நல்ல செயலிதான், கூப்பிடுகிறவர்தான் திருடர். இந்த மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், செயலியை நீக்குங்கள், வேறு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.